தங்கமான மனுசன்

பூமாதன்கொட்டாயில் போய் மாதையன் வீடு எது என்று கேட்டால், எந்த மாதையன் என்று திருப்பிக் கேட்பார்கள். தெருவுக்கு நாலு மாதையன் இருக்கிற ஊர். எழில்பூபதி வூடு எது என்று கேட்டால் மட்டும் ஆடு மேய்க்கிறவள்கூடக் கையிலிருக்கும் குச்சியை நீட்டி, மல்பெரித் தோட்டத்துக்கு நடுவில் நிற்கும் புழுக்கொட்டகையைக் காட்டிவிடுவாள்.

அசல் எழில்பூபதி செத்து முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. மண்ணின் மாணிக்கம் என்று பட்டம் வாங்கிய சினிமா கதாநாயகர். எந்தப் படத்திலும் குடிக்காதவர், எந்தப் படத்திலும் பெண்பிள்ளைமேல் கை ஓங்காதவர். தோளில் ஒரு சிவப்புத் துண்டு. தட்டில் சோறு விழுந்ததும் முதல் கவளத்தை எடுத்துப் பொண்டாட்டி வாயில் வைத்த பிறகுதான் தான் சாப்பிடுவார். அந்தக் காட்சி வரும்போது மாரண்டஹள்ளிக் கொட்டகையில் பெண்கள் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்கும் என்றும், ஆண்கள் பக்கம் அந்த நேரம் பார்த்துப் பீடி குடிக்க எழுந்து போய்விடுவார்கள் என்றும் சொல்வார்கள்.

மாதையன் அவருடைய நகல். திருவிழா மேடைகளில் எழில்பூபதி வேஷம் கட்டி ஆடுகிறவன். சுருட்டை முடி சொந்தமானது. கறுப்பு மட்டும் பாக்கெட்டில் வாங்கியது. அசலுக்கு முகவாயில் ஒரு வெட்டுத்தழும்பு உண்டு. நகலுக்கு அது இல்லாமல் போனதால் இருபத்திரண்டு வயதில் சவர பிளேடால் தானே போட்டுக்கொண்டான். அது சீழ்பிடித்துப் பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். ‘கலைக்காக ரத்தம் சிந்திய மாதவராஜ்’ என்று நோட்டீசில் வருவது அந்தப் பிளேடைப் பற்றித்தான். மாதவராஜ் என்பது மேடைப்பெயர். பாப்பாரப்பட்டியில் மைக்செட் கடை வைத்திருக்கும் முருகேஷ் வைத்தது. மேடை பிடித்துத் தருகிறவனும் அவன்தான்.

மாசி, பங்குனி வந்துவிட்டால் பாப்பாரப்பட்டியிலிருந்து பொம்மிடி வரைக்கும் மாதவராஜுக்கு ஓய்வு கிடையாது. வயசான பெண்கள் மேடையோரம் வந்து கன்னத்தை வழித்து நெற்றிப்பொட்டில் சொடுக்கிக்கொள்வார்கள். என் மகனுக்கு உன் குணத்தில் கால்வாசி இருந்தால் போதும் என்று ஒருத்தி அழுதாள். அவனும் அழுதான். அழுகை அவனுக்குக் கேட்ட மாத்திரத்தில் வரும்.

மேடையை விட்டு இறங்கிய மாதையனைத் தெரிந்தவள் ஒருத்திதான். அவன் பொண்டாட்டி அமுதவல்லி. களி கட்டிதட்டினால் தட்டு சுவருக்குப் போகும். அடுப்படிச் சுவரில் தட்டு விளிம்பு பதிந்த குழிகள் நாலு இருக்கின்றன. அவளுடைய இடது மணிக்கட்டு ஒரு பக்கமாகக் கோணியிருக்கும். கதவில் நசுங்கிவிட்டது என்று அவளே சொல்லிச் சொல்லி ஊருக்கும் அது பாடமாகிவிட்டது. ஊர் நம்பியதா என்றால், நம்பியது. நம்பிவிட்டால் ஊருக்கு ஒரு வேலை மிச்சம்.

மேடையில் வந்த காசு மேடையோடு போய்விடும். துண்டு, பவுடர், மல்லிகை செண்ட், சினேகிதர்கள். வீடு நடந்தது பட்டுப்புழுவால். ஒன்றரை ஏக்கர் மல்பெரி. அமுதவல்லி விடியுமுன் போய் இலையைத் தண்டோடு அறுத்து, கட்டிச் சுமந்துவந்து, மூங்கில் அடுக்குகளில் கிடக்கும் புழுவுக்கு ஒரு நாளைக்கு நாலு வேளை போடுவாள். கூட வருகிறவள் செல்லி, பக்கத்துக் கொட்டாய்க்காரி. இருபத்தாறு வருஷத்தில் மாதையன் அந்தத் தோட்டத்தில் ஒரு தண்டு அறுத்ததில்லை. கையில் காப்பு காய்த்தால் குளோசப்பில் தெரியும் என்பது அவன் கட்சி. அவனுக்குக் குளோசப் எடுக்க யாரும் வந்ததில்லை என்பதை அவள் சொன்னதில்லை.

இந்தத் தைமாதம் வந்தார்கள்.

ஊர்த் திருவிழாவில் அவன் முதல் கவளம் ஊட்டும் காட்சியை யாரோ போனில் எடுத்துப் போட, அது எங்கெங்கோ சுற்றிச் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு கம்பெனி எழில்பூபதியின் வாழ்க்கையைத் தொடராக எடுக்கப்போகிறது. வயதான எழில்பூபதிக்கு ஆள் தேடுகிறார்கள். முருகேஷுக்குப் போன் வந்தது. முகம் பொருந்துகிறது, ஆனால் முகம் பெரிய விஷயமில்லை, அதைக் கம்ப்யூட்டரில் சரிசெய்துவிடலாம் என்றாராம் டைரக்டர். மேடையை விட்டு இறங்கியதும் அந்த ஆள் யார் என்பதுதான் தனக்கு வேண்டும். அதனால் இரண்டு நாள் வீட்டோடு இருந்து பார்க்க வேண்டும்.

மாதையனுக்கு இது உடனே விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டதாக அவன் நினைத்தான். வீட்டிலும் எழில்பூபதியாக இருக்கிறவன் வேண்டும். இரண்டு நாள்தானே.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம், கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அமுதவல்லியை எதிரில் நிற்க வைத்தான். கேட்டால் என்ன சொல்லுவாய் என்றான். அவள் என்னத்தைச் சொல்வது என்றாள். அவனே சொல்லிக்கொடுத்தான்.

“தங்கமான மனுசன். இருவத்தாறு வருசத்துல போடின்னு ஒரு வார்த்த சொன்னதில்ல. கை ஓங்குனதில்ல. மொதக் கவளம் எனக்குக் குடுக்காம வாயில வெச்சதில்ல. சொல்லு.”

அவள் சொன்னாள். ‘தங்கமான’ விட்டுப்போயிற்று. தலையில் நறுக்கென்று ஒரு குட்டு விழுந்தது. மறுபடி சொன்னாள். கை ஓங்கியதில்லை என்பது கவளத்துக்குப் பின்னால் போய்விட்டது. இன்னொரு குட்டு. பதினோராவது தடவைக்கு வரிசை தப்பாமல் வந்துவிட்டது. கை ஓங்காத மனிதனைப் பற்றி பத்துக் குட்டில் பாடம் பண்ணிக்கொண்டு அவள் புழுவுக்கு இலை போடப் போனாள்.

அவள் நினைப்பெல்லாம் புழுவில்தான் இருந்தது. நாலாவது தோலை உரித்துவிட்டுப் புழு கடைசிப் பருவத்துக்கு வந்திருந்தது. விரல் பருமன். இன்னும் நாலு நாள் தின்றால் கூடு கட்ட ஏறிவிடும். போன தடவை வளர்த்தது பால்நோய் வந்து மொத்தமாகப் போயிற்று. மகள் கனிமொழி தருமபுரியில் நர்சிங் கடைசி வருஷம்; கட்ட வேண்டியதைக் கட்டாதவர்களுக்குப் பரீட்சை கிடையாது. இந்தக் கூடு மார்க்கெட்டுக்குப் போனால் பிள்ளை பரீட்சை எழுதும். போகாவிட்டால் இல்லை. இதில் யோசிக்க எதுவுமில்லாததால் அவள் யோசிப்பதில்லை, இலை அறுப்பாள்.

மேற்கு வேலிக்கு அந்தப் பக்கம் சின்னராஜின் தக்காளி. அவன் அன்று மத்தியானமே வந்து சொல்லிவிட்டுப் போனான்.

“அக்கா, ஊசிப்புழு உக்காந்துகினு போவ மாட்டேங்குது. மருந்து அடிச்சுட்டேன். காத்து உங்க பக்கந்தான் வீசுச்சு. வேலியோரம் அஞ்சு சாலு வுட்ருங்க. இருவது நாளைக்குத் தொடாதீங்க.”

சொன்னதோடு, வேலியோரச் சால் தலைப்பில் ஒரு சிவப்புத் துணியையும் கட்டினான். அந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். தக்காளிக்கு அடிக்கிற மருந்து காற்றில் வந்து மல்பெரி இலையில் படிந்தால் கண்ணுக்குத் தெரியாது. தின்ற புழு ஒரு மணி நேரம் தாங்காது. அதனால் மருந்தடித்தவன் சிவப்புத் துணி கட்ட வேண்டும். துணி கட்டிய சாலில் கை வைக்கக்கூடாது என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். பூமாதன்கொட்டாயில் அது தெரியாதவர் ஒருவர் இருந்தார். ஊரிலேயே பேர்போன மனிதர்.

மறுநாள் காலை வெள்ளை வேன் வந்தது. டைரக்டருக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும். அரை டவுசர் போட்டுக்கொண்டு கைகட்டி நின்றார். ஒரு கண்ணாடி போட்ட பெண், கேமராக்காரர் ஒருவர், குடையும் வெளிச்சத்தைத் திருப்பும் தகடும் பிடிக்க இரண்டு பேர். நாங்கள் இருப்பதையே மறந்துவிடுங்கள் என்றார் டைரக்டர். மாதையன் மறந்துவிட்டான். மறந்துவிட்டதை ஒவ்வொரு தடவையும் கேமரா பக்கம் திரும்பிப் பார்த்து உறுதிசெய்துகொண்டான்.

அன்றைக்கு முழுக்க அமுதவல்லி வேறு ஒரு ஆளோடு குடித்தனம் பண்ணினாள். குடத்தை அவள் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டான். அமுதா, நீங்க உக்காருங்க என்றான். அடுப்பு புகைந்தபோது ஊதுகுழலை எடுத்துத் தானே ஊதினான். களிக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. கிளறும்போது அவள் மணிக்கட்டு வலிக்கும் என்று தெரிந்திருந்தது. துடுப்பை வாங்கிக்கொண்டு, உங்களுக்குக் கை நோவுமே என்றான். எந்தக் கை என்றுகூட அவன் கேட்கவில்லை. சரியாக இடது கையைத்தான் தொட்டான்.

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தது அந்த இடத்தில்தான். இத்தனை வருஷமாக அவள் தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிவைத்திருந்தாள்: தெரியாத ஜென்மம், தாய் இல்லாமல் வளர்ந்தது, ஒருத்திக்கு எங்கே வலிக்கும் என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அந்தச் சமாதானத்தைத் தலைக்கு வைத்துத்தான் படுத்துக்கொண்டிருந்தாள். இப்போது பார்த்தால் எல்லாம் தெரிந்திருக்கிறது. எங்கே வலிக்கும், எப்போது களைப்பாள், எதற்கு மனசு குளிரும் என்று ஒன்றுவிடாமல் தெரிந்துவைத்துக்கொண்டு, கேமரா வரட்டும் என்று பெட்டியில் பூட்டி வைத்திருந்திருக்கிறான்.

மத்தியானம் கேமரா முன்னால் களியும் அவரைக்காய்க் குழம்பும். முதல் கவளத்தை உருட்டிக் குழம்பில் தோய்த்து அவள் வாயருகே கொண்டுவந்தான். சூடு பொறுக்குமா என்று ஊதிவிட்டுக் கொடுத்தான். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கேமராக்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த செல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், அழுவதற்காக இல்லை.

“ஏக்கா, இந்த வேனு இங்கியே நின்னுக்கட்டும். டீசலு நான் ஊத்தறேன்” என்றாள் பிற்பாடு, கொட்டகைக்குள் இலை போடும்போது.

“வாய மூடிக்கினு போடு.”

“இல்லக்கா, ஊதிக் குடுத்தாரே. எங்கூட்டு ஆளு டீய ஊதித் தானே குடிப்பான்.”

அமுதவல்லி சிரிக்கவில்லை. புழு தின்கிற சத்தம் தகரத்தில் தூறல் விழுகிறாற்போலக் கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டில் அவளுக்குப் பிடித்த சத்தம் அது ஒன்றுதான்.

கொட்டகைக்குள் யாரும் வரக்கூடாது, செண்ட் வாசனை புழுவுக்கு ஆகாது என்று அவள் முதலிலேயே சொல்லியிருந்தாள். டைரக்டர் தலையாட்டினார். ராத்திரி அதை யோசித்துப் பார்த்தாரோ என்னவோ, மறுநாள் விடிந்ததும், சார் புழுவுக்கு இலை போடுகிற மாதிரி ஒரு ஷாட் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். தினமும் நான்தான் போடுகிறேன் என்று மாதையன் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தான். அமுதவல்லிக்கு வேறு வழி தெரியவில்லை. அதிகாலையில் கிழக்குச் சாலில் அறுத்துவந்து ஈரச்சாக்கு போட்டு மூடிவைத்திருந்த கட்டைக் காட்டினாள். செண்டைக் கழுவிவிட்டு, நோய் ஒட்டாமலிருக்க வாசல் சுண்ணாம்பைக் காலால் மிதித்துவிட்டு, இந்தக் கட்டை எடுத்துப் போட்டுவிட்டு உடனே வந்துவிட வேண்டும் என்றாள். அவன் சரிங்க அமுதா என்றான்.

கண்ணாடிப் பெண் அவளைப் புங்கமரத்தடிக்கு அழைத்துப் போனாள். முகத்தில் ஏதோ ஒற்றி, ஜாக்கெட்டில் மைக்கைச் செருகி, உட்கார வைத்தாள். செல்லியைக் கேமராவில் விழுகிறாள் என்று வேன் பக்கம் போய் நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

“அக்கா, வெக்கப்படாம சொல்லுங்க. வீட்டுல எப்படி இவரு?”

அமுதவல்லி அவளைப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்குக் கனிமொழி வயதுதான் இருக்கும். கேட்கிற முகத்தில் ஒரு பிரியம் இருந்தது. உண்மையைச் சொன்னால் நம்புகிற முகம். சொல்லிவிட்டு? வேன் சாயங்காலம் போய்விடும்.

“தங்கமான மனுசன்” என்று ஆரம்பித்தாள்.

அதே நேரத்தில் தோட்டத்தில் டைரக்டருக்கு ஒரு யோசனை வந்திருந்தது. கட்டி வைத்ததை எடுத்துப் போடுவதில் என்ன இருக்கிறது? அறுக்கிற ஷாட் வேண்டும். பனியில் நனைந்த இலை, மேற்கு வேலியில் விழுகிற இளவெயில், அங்கே ஒரு சிவப்புத் துணி வேறு காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது. எழில்பூபதியின் துண்டும் சிவப்பு. பார்த்தீர்களா, அமைந்து வருகிறது என்றார். குடை பிடித்த பையன் துணியை அவிழ்த்து, கேமராவுக்குத் தெரிகிற உயரத்தில் மறுபடி கட்டினான். அது நிற்காமல் சேற்றில் விழுந்துவிட்டது. பரவாயில்லை, துண்டு போதும் என்றார்கள்.

மாதையன் அரிவாளை வாங்கினான். படத்தில் எழில்பூபதி கதிர் அறுக்கிற மாதிரி ஒரு முழங்காலை மடக்கி, துண்டைச் சுண்டிவிட்டு, ஐந்து சாலையும் அறுத்தான். நன்றாகத்தான் அறுத்தான். மூன்று கட்டு. தலையில் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போய், முகத்தில் கருணையோடு, பெரிய அடுக்குகள் மூன்றிலும் விரித்துப் போட்டான். நாலாவது அடுக்குக்கு வெளிச்சம் எட்டவில்லை, அதை விட்டுவிட்டார்கள்.

முக்கால் மணி நேரம் கழித்துச் செல்லிதான் பார்த்தாள். அடுத்த வேளைக்கு அடுக்கைச் சரிசெய்யப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஓடிவந்து புங்கமரத்தடியில் அமுதவல்லியின் தோளைப் பிடித்தாள்.

“அக்கா, புழு வாந்தியெடுக்குது.”

அமுதவல்லி மைக்கோடு ஓடினாள்.

கொட்டகைக்குள் அந்தத் தூறல் சத்தம் நின்றிருந்தது. புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தன. வாயிலிருந்து பச்சையாக நீர் வழிந்து இலையில் சொட்டியது. சில ஏற்கெனவே சுருங்கிப் பாதியளவாகி, அடுக்கின் விளிம்பிலிருந்து தரையில் விழுந்துகிடந்தன. அவள் ஒரு தண்டை எடுத்து முகர்ந்தாள். பிறகு வாசலுக்கு வந்து மேற்கு வேலியைப் பார்த்தாள். ஐந்து சால் மொட்டையாக நின்றது.

யார் அறுத்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்கிற வேலையை விட்டுவிட்டு, செல்லியும் அவளுமாக இலையை வாரி வெளியே வீசினார்கள். கையால் புழுவைப் பொறுக்கி நல்ல இலைமேல் போட்டார்கள். நல்ல இலையிலும் அது வாயை வைக்கவில்லை. கையிலேயே துவண்டது. மூன்று வாரமாகத் தொட்டு வளர்த்த உயிர் கைக்குள் ஈரத்துணிபோலக் கிடந்தது.

மாதையன் உள்ளே வந்தான். முதலில் அடுக்கைப் பார்த்தான். பிறகு கேமரா எங்கே இருக்கிறது என்று பார்த்தான். அது வாசலுக்கு வந்துவிட்டது தெரிந்ததும் முழங்காலில் விழுந்து, தலையில் அடித்துக்கொண்டு, “என் பிள்ளைங்களே” என்று அழுதான். கண்ணீர் உடனே வந்தது. அவள் கையில் செத்த புழுவோடு அவனைத் தாண்டிப் போனாள்.

பதினொரு மணிக்கு மூன்று அடுக்கும் அடங்கிவிட்டது. நாலாவது அடுக்கில் மட்டும் சத்தம் இருந்தது.

டைரக்டர் ரொம்ப வருத்தப்பட்டார். எங்களால் இப்படி ஆகிவிட்டது என்று கைகூப்பினார். கம்பெனியிடம் பேசிப் பார்க்கிறேன் என்றார். பேசிப் பார்க்கிறேன் என்கிறவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி முகம் இருந்தது. பிறகு மாதையனை உட்காரவைத்துத் தோளில் கைபோட்டார். முருகேஷும் பாப்பாரப்பட்டியிலிருந்து வந்து சேர்ந்திருந்தான்.

“சார், நீங்க ரொம்ப நல்லவரா இருக்கீங்க. அதுதான் பிரச்சினை.”

மாதையனுக்கு விளங்கவில்லை. முருகேஷுக்கும்.

டைரக்டர் விளக்கினார். எழில்பூபதியின் மனைவி சாகிறதுக்கு முன்னால் இவர்களிடம் நாலு நாள் பேசியிருக்கிறார். படத்தில் முதல் கவளம் ஊட்டிய கை வீட்டில் என்ன செய்தது என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். இவர்கள் எடுக்கப்போவது அந்தக் கதை. வெளியே மண்ணின் மாணிக்கம், உள்ளே வேறு. அந்த இரண்டாவது ஆள்தான் இவர்களுக்கு வேண்டும். மேடையில் நீங்கள் ஊட்டுகிற வீடியோவைப் பார்த்தபோது உங்கள் கண்ணில் ஒரு நொடி அது இருந்த மாதிரித் தெரிந்தது, அதனால்தான் இவ்வளவு தூரம் வந்தோம் என்றார்.

“மொதல்லயே சொல்லியிருக்கலாமேங்க” என்றான் முருகேஷ், நொந்துபோய்.

“சொன்னா எல்லாரும் நடிப்பாங்க சார்.”

மாதையன் எழுந்துவிட்டான். அவன் முகத்தில் நிறம் மாறியது. ஐயா, அது என்கிட்ட இருக்குங்க என்றான். அவர் சிரித்தார். இருக்குங்கய்யா, நெசமா இருக்குங்க என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அவரை அடுப்படிக்கு இழுத்துப்போய்ச் சுவரைக் காட்டினான். இது தட்டு வீசியது, இது போன பொங்கலுக்கு, இது மாமனார் வந்திருந்தபோது என்று குழி குழியாகச் சொன்னான். ஊரில் விருது வாங்கியவன்கூட அலமாரியை அப்படிக் காட்டமாட்டான். டைரக்டர் குழியைத் தடவிப் பார்த்துவிட்டு, பூச்சு உதிர்ந்திருக்கிறது என்றார்.

கடைசியில் எல்லாரும் அமுதவல்லியிடம் வந்தார்கள். அவள் கொட்டகை வாசலில் உட்கார்ந்து செத்த புழுவை முறத்தால் வாரிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள்.

முருகேஷ் அவள் பக்கத்தில் குந்தினான். நாற்பது நாள் ஷூட்டிங் இருக்கிறது, நல்ல சம்பளம், பிள்ளைக்குக் கட்டிவிடலாம், நடந்ததை நடந்தபடி ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று காதோடு சொன்னான். அவள் முறத்தை நிறுத்தவில்லை. இருபத்தாறு வருஷ மேடைக் காசில் கனிமொழிக்கு ஒரு நோட்டு வாங்கியதுண்டா என்று மட்டும் நினைத்தாள். இனி இந்த மனிதன் ஊர் ஊராகப் படமாகி ஓடுவான். அவள் வாங்கிய அடியெல்லாம் அவனுக்கு நடிப்பாகிக் கைதட்டாகிவிடும். கையில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அதையும் கொடுக்க வேண்டுமாம்.

மாதையன் அவள் எதிரில் வந்து நின்றான். கண்ணில் கெஞ்சல் இருந்தது. அது நடிப்பு இல்லை. அதனால் பார்க்கச் சகிக்கவில்லை.

“சொல்லு அமுதா. கைய எப்பிடி ஒடச்சேன்னு சொல்லு. ஐயாவுக்குக் காட்டு.”

கண்ணாடிப் பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேமராவின் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அமுதவல்லி எழுந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கேமராவைப் பார்த்தாள்.

“தங்கமான மனுசன். இருவத்தாறு வருசத்துல போடின்னு ஒரு வார்த்த சொன்னதில்ல. கை ஓங்குனதில்ல. மொதக் கவளம் எனக்குக் குடுக்காம வாயில வெச்சதில்ல.”

அறை விழுந்தது. புங்கமரத்தில் இருந்த காக்கை எழுந்து பறக்கிற அளவுக்குச் சத்தம். அவள் கொட்டகைத் தூணில் போய் மோதி நின்றாள். மாதையன் மூச்சிரைக்க டைரக்டர் பக்கம் திரும்பினான். பாத்தீங்களா, பாத்தீங்களா என்றான்.

டைரக்டர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து யோசித்தார்.

“இல்ல சார். இப்பவும் நீங்க என்னைப் பாத்துதான் அடிக்கிறீங்க. அவரு அடிக்கும்போது யாரும் பாக்கலை. வராது சார், விட்டுடுங்க.”

கண்ணாடிப் பெண் மட்டும் ஓடிவந்தாள். அக்கா, உண்மையாகவே அடித்துவிட்டாரா என்று கன்னத்தைத் தொடப்போனாள். அமுதவல்லி அந்தக் கையை மெல்ல விலக்கினாள். வாய்க்குள் உப்புக் கரித்தது, விழுங்கிக்கொண்டாள். நாக்கால் துழாவிப் பார்த்துவிட்டுப் பேசினாள்.

“படவேயில்ல கண்ணு. மேடையில அடிக்கற அடி அது. அவருக்கு அடிக்கத் தெரியாது.”

அந்தப் பெண் நம்பவில்லை. வேனில் ஏறுகிற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஆனால் நம்பாதது அவள் ஒருத்திதான், அவள் டைரக்டர் இல்லை.

போகுமுன் டைரக்டர் மாதையனுக்கு ஒரு சால்வை போர்த்தினார். எடுத்ததை வீணாக்கப் போவதில்லை, நல்ல கணவர் ஒருவரைப் பற்றிச் சின்ன வீடியோவாகத் தனியாகப் போடுகிறோம், ஊருக்கே பெருமை என்றார். தெருவில் கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். முருகேஷ் தட்டவில்லை. வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மாரண்டஹள்ளி ரோட்டில் ஏறியது.

செல்லி குழி தோண்டினாள். மூன்று சாக்குப் புழுவையும் கொட்டி, சுண்ணாம்பைத் தூவி மூடினார்கள். மாதையன் சால்வையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அடிக்க எழவில்லை. பார்க்க ஆளிருந்து அடித்ததே எடுபடாமல் போனதில் அவனுக்குக் கையே விட்டுப்போயிருந்தது. அது எத்தனை நாளைக்கு என்று அமுதவல்லிக்குத் தெரியும். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள்.

நாலாவது அடுக்குக்கு இலை வேண்டும். அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு கிழக்குச் சாலுக்குப் புறப்பட்டவள், மேற்கு வேலியைப் பார்த்து நின்றாள். மொட்டையாகிவிட்ட சாலிலும் வேரடியில் கொழுந்து வரும். துணி சேற்றில் கிடந்தது. யாராவது ஆட்டை விட்டுவிடுவார்கள். திரும்பி வந்து, கட்டில் காலில் மாட்டியிருந்த எழில்பூபதியின் சிவப்புத் துண்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மாதையன் பின்னாலேயே வந்தான். துண்டைக் கேட்கத்தான் வந்தான். அவள் அதைச் சால் தலைப்பில் இரண்டு முடிச்சாகப் போட்டு இறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏன்டி அப்பிடிச் சொன்ன?” என்றான் கடைசியில்.

அவள் முடிச்சை இழுத்துப் பார்த்தாள். நின்றது.

“நீங்க சொல்லிக் குடுத்ததுல ஒரு வார்த்த வுட்டுப்போச்சுங்களா?”